ஜே-1 விசாவில் அமெரிக்கா போக முதலில் யாரைத் தேட வேண்டும்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். வயது 26, பி.ஆர்க் முடித்து கோயம்புத்தூரில் ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் மூன்று வருடம் வேலை பார்த்திருக்கிறீர்கள். லாட்டரியில் கிடைக்கும் எச்-1பி வேலை விசா இப்போதைக்கு நடக்கிற காரியமில்லை என்று தோன்றியதால் ஜே-1 என்ற எக்ஸ்சேஞ்ச் விசாவில் அமெரிக்காவில் வேலைக்குப் போக நினைக்கிறீர்கள். "ஜே-1 ஸ்பான்சர் செய்யும் கம்பெனிகளின் பட்டியல் எங்கே கிடைக்கும்" என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில் ஒரு ஏஜெண்ட் நாலரை லட்சம் கேட்கிறார், கொடுக்கலாமா என்றும் போட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் அவசரமாகப் படுகிறது, ஆனால் அதற்குப் பதில் சொல்ல முதல் கேள்வியைக் கொஞ்சம் திருத்திக்கொண்டாக வேண்டும்.

நான் அமெரிக்காவில் ஒரு நடுத்தர இன்ஜினியரிங் நிறுவனத்தில் பல வருடங்களாக ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். ஜே-1இல் வருகிறவர்களைத் தேர்ந்தெடுப்பது, அவர்களுக்கான பயிற்சித் திட்டத்தை எழுதுவது, ஸ்பான்சர் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்வது எல்லாம் என் வேலையில் ஒரு பகுதி. வக்கீல் இல்லை. ஆகவே எது விதியில் எழுதியிருக்கிறது, எது நான் பார்த்த வழக்கம், எது யாராலும் உறுதி சொல்ல முடியாதது என்பதை அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

உறுதியான விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஜே-1இல் உங்களுக்குச் சம்பளம் தருகிறவர் வேறு, ஸ்பான்சர் வேறு. அமெரிக்க வெளியுறவுத் துறை சில அமைப்புகளுக்கு இந்தத் திட்டத்தை நடத்த அங்கீகாரம் கொடுத்திருக்கிறது, அவர்கள்தான் ஸ்பான்சர்கள். கல்ச்சுரல் விஸ்டாஸ், இன்டர்எக்ஸ்சேஞ்ச் மாதிரியான அமைப்புகள், பல்கலைக்கழகங்கள், விவசாயப் பயிற்சிக்கு மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மாஸ்ட் திட்டம் என்று பல வகை உண்டு. விசாவுக்கு வேண்டிய டிஎஸ்-2019 படிவத்தைத் தருவது இவர்கள்தான். நீங்கள் போய் உட்கார்ந்து வேலை கற்றுக்கொள்கிற ஆர்க்கிடெக்ட் அலுவலகம் ஹோஸ்ட் மட்டுமே. ஸ்பான்சர்களின் பட்டியல் வெளியுறவுத் துறையின் ஜே-1 தளத்தில் இலவசமாகவே இருக்கிறது, எந்தப் பிரிவுக்கு யார் அங்கீகாரம் பெற்றவர்கள் என்று பிரித்தும் பார்க்கலாம். அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் "ஹோஸ்ட் கம்பெனிகளின் பட்டியல்" என்று ஒன்று கிடையாது. எந்த நிறுவனமும் ஹோஸ்ட் ஆகலாம், இதுவரை ஜே-1 என்ற பெயரையே கேட்டிராத பத்துப் பேர் அலுவலகமும் ஆகலாம். உங்கள் உழைப்பு போக வேண்டியது அங்கேதான்: உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கும் ஓர் அலுவலகத்தையும், அதில் அதற்கு நேரம் ஒதுக்கக்கூடிய ஒரு மனிதரையும் கண்டுபிடிப்பதில்.

அதற்கு முன்னால் தகுதி. ஜே-1இல் பல பிரிவுகள் உண்டு, உங்களுக்குப் பொருந்துவது டிரெய்னி பிரிவு. அமெரிக்காவுக்கு வெளியே வாங்கிய பட்டமும், அதே துறையில் அமெரிக்காவுக்கு வெளியே குறைந்தது ஒரு வருட அனுபவமும் வேண்டும். பட்டம் இல்லாதவர்களுக்கு ஐந்து வருட அனுபவம். உச்ச வரம்பு 18 மாதம், ஹோட்டல் மற்றும் சுற்றுலாத் துறை என்றால் 12 மாதம். படித்துக்கொண்டிருப்பவர்களும், படிப்பு முடித்து 12 மாதம் தாண்டாதவர்களும் இன்டர்ன் பிரிவில் வருவார்கள், அதுவும் 12 மாதம்தான். நீங்கள் இன்டர்ன் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள், டிரெய்னிக்குச் சரியாகப் பொருந்துகிறீர்கள், ஆர்க்கிடெக்சர் அனுமதிக்கப்பட்ட துறைகளில் ஒன்று. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: நர்சிங், பிசியோதெரபி போல நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் வேலைகள் டிரெய்னி பிரிவில் கிடையவே கிடையாது. ஐ.டி. ஆட்களுக்குப் பிரிவு உண்டு, ஆனால் ஆள் சப்ளை செய்யும் கன்சல்டன்சி உங்களை வேறொரு கிளையண்ட் இடத்தில் உட்காரவைப்பது விதிப்படி கூடாது, அப்படி ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பிஎச்.டி. முடித்து ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்குப் பல்கலைக்கழகமே ஸ்பான்சர், ஐந்து வருடம் வரை உண்டு, அவர்கள் இந்தப் பதிலின் பெரும்பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். பள்ளி ஆசிரியர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அதன் விதிகள் வேறு.

சரி, ஹோஸ்டை எப்படித் தேடுவது? பெரிய வேலைத் தளங்களில் "ஜே-1" என்று போட்டுத் தேடினால் வருவதில் பெரும்பாலும் ஹோட்டல், ரிசார்ட், சமையலறை வேலைகளாகத்தான் இருக்கும். அந்தத் துறையில் இந்த ஏற்பாடு நன்றாக வேரூன்றிவிட்டது. ஆர்க்கிடெக்சரில் அப்படி இல்லை. ஆர்க்கினெக்ட் தளத்தில் வரும் வேலை அறிவிப்புகளைப் பாருங்கள், ஆனால் அறிவிப்புக்கு விண்ணப்பிப்பதைவிட அதை ஒரு தடயமாக வைத்துக்கொள்வது நல்லது. எந்த அலுவலகம் ஆள் தேடுகிறது, என்ன மாதிரி கட்டடம் செய்கிறது என்று தெரிந்துகொண்டு, அங்கே இருக்கும் பிரின்சிபல், அதாவது தலைமை ஆர்க்கிடெக்ட் ஒருவருக்கு நேரடியாக எழுதுங்கள். அமெரிக்க ஆர்க்கிடெக்ட் சங்கத்துக்கு ஊர்வாரியாகக் கிளைகள் உண்டு, கிளை விருதுப் பட்டியல்களைப் பார்த்தால் நியூயார்க், சான் பிரான்சிஸ்கோவுக்கு வெளியே இருக்கும் நல்ல நடுத்தர அலுவலகங்களின் பெயர் கிடைக்கும். உங்கள் கல்லூரி சீனியர்கள் அங்கே மாஸ்டர்ஸ் படித்து வேலைக்குச் சேர்ந்திருப்பார்கள், அவர்கள் வழியாகப் போகும் ஒரு மெயில் தெரியாத ஆள் அனுப்பும் நூறு மெயிலைவிட முன்னால் படிக்கப்படும்.

அந்த மெயிலில் என்ன எழுதுவது என்பதுதான் பலரும் கோட்டை விடும் இடம். "எனக்கு விசா ஸ்பான்சர் செய்வீர்களா" என்று முதல் வரியில் கேட்டால், படிக்கிறவர் மனதில் எச்-1பி செலவும் வக்கீல் பில்லும்தான் வந்து நிற்கும், மெயிலை மூடிவிடுவார். என் மேசைக்கு வரும் மெயில்களில் பாதி இப்படித்தான். மாறாக, உங்கள் வேலையைப் பற்றி இரண்டு வரி, அவர்களுடைய எந்தத் திட்டம் உங்களை எழுத வைத்தது என்று இரண்டு வரி, பிறகு தெளிவாக: 18 மாதத்துக்கு உட்பட்ட பயிற்சி, விசாவுக்கான ஸ்பான்சர் தனி அமைப்பு, அதன் கட்டணத்தை நான் ஏற்கிறேன், உங்களிடம் கேட்பது ஒரு பயிற்சித் திட்டமும் ஒரு மேற்பார்வையாளரும், லாட்டரி எதுவும் கிடையாது. இதை எழுதியவருக்கு நான் கண்டிப்பாகப் பதில் போடுவேன், எடுப்பேனா என்பது வேறு விஷயம்.

இனி டிஎஸ்-7002 என்ற படிவம். இதில்தான் முழுக் காரியமும் தங்கியிருக்கிறது, ஏஜெண்டுகள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. பயிற்சியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் யார் சொல்லிக்கொடுப்பார், என்ன கற்றுக்கொள்வீர்கள், எப்படி மதிப்பிடுவார்கள், சம்பளம் எவ்வளவு என்று எழுதி, நீங்களும் ஹோஸ்டும் ஸ்பான்சரும் கையெழுத்துப் போட வேண்டும். அது முடியாமல் டிஎஸ்-2019 வராது. வாரத்துக்குக் குறைந்தது 32 மணி நேரம் இருக்க வேண்டும், எழுத்தர் வேலை 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அமெரிக்க ஊழியர் ஒருவரின் இடத்தை நிரப்புவதாக இருக்கக் கூடாது, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை மறுபடி செய்யவைப்பதாகவும் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் உங்களை மாதிரி அனுபவம் உள்ளவர்களுக்குச் சிக்கல். கோயம்புத்தூரில் மூன்று வருடம் ரெவிட் என்ற கட்டட வரைபட மென்பொருளில் வரைந்திருக்கிறீர்கள், திட்டத்தில் "ரெவிட் வரைபடங்களில் குழுவுக்கு உதவுதல்" என்று 18 மாதமும் எழுதினால், இதில் பயிற்சி எங்கே என்று ஸ்பான்சர் திருப்பி அனுப்புவார், அவர் விட்டாலும் விசா அதிகாரி கேட்பார்.

நல்ல திட்டம் எப்படி இருக்கும் என்றால், முதல் சில மாதம் அமெரிக்கக் கட்டட விதிகள், அதாவது இன்டர்நேஷனல் பில்டிங் கோட் எப்படி ஒரு கட்டடத்தின் தீத்தடுப்பையும் வெளியேறும் வழிகளையும் தீர்மானிக்கிறது, 1990இல் வந்த மாற்றுத் திறனாளிகள் சட்டம் ஒரு கழிவறையின் அளவைக்கூட எப்படி மாற்றுகிறது, இதையெல்லாம் ஓர் உண்மையான திட்டத்தின் வரைபடத்தை வைத்துச் சரிபார்க்கக் கற்றுக்கொள்வது. அடுத்த கட்டம், கட்டுமான ஆவணங்களையும் ஸ்பெசிஃபிகேஷனையும் ஸ்ட்ரக்சுரல், மெக்கானிக்கல் ஆலோசகர்களோடு ஒத்துப்போகும்படி தயாரிப்பது. அதற்கடுத்து சைட், ஒப்பந்தக்காரர் அனுப்பும் கேள்விகளுக்கு ஆர்க்கிடெக்ட் எப்படிப் பதில் எழுதுகிறார் என்று பக்கத்தில் இருந்து பார்ப்பது. இது நம் ஊரில் கிடைக்காத பயிற்சி, திரும்பி வந்தால் உங்களுக்கு உபயோகமாவதும் இதுதான். இந்தத் திட்டத்தின் முதல் வரைவை நீங்களே எழுதி ஹோஸ்டுக்கு அனுப்புங்கள். சின்ன அலுவலகத்தில் யாருக்கும் இதை உட்கார்ந்து எழுத நேரம் இருக்காது, நீங்கள் எழுதிக் கொடுத்தால் அவர்கள் திருத்திக்கொள்வார்கள், பாதிக் கதவு அங்கேயே திறந்துவிடும். படிவத்தில் கலாசாரப் பரிமாற்றத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது. அதை ஒப்புக்கு நிரப்பாதீர்கள், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த விசா பிறந்ததே அதற்காகத்தான்.

ஒரு சின்ன எச்சரிக்கை: 25 பேருக்குக் குறைவாகவோ, ஆண்டு வருமானம் 30 லட்சம் டாலருக்குக் குறைவாகவோ இருக்கும் ஹோஸ்ட், அந்த ஸ்பான்சரோடு முதல்முறை சேர்கிறது என்றால், ஸ்பான்சர் நேரில் போய் இடத்தைப் பார்த்தாக வேண்டும். ஆர்க்கிடெக்ட் அலுவலகங்கள் நிறைய இந்த அளவில்தான் இருக்கின்றன. இது தடை இல்லை, ஆனால் நேரமும் சில சமயம் கூடுதல் கட்டணமும் ஆகும், முன்கூட்டியே ஹோஸ்டிடம் சொல்லிவிடுங்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். அரசுக்குக் கட்டுவது இப்போதைக்குச் செவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர், பயிற்சியாளர் பதிவு முறைக்கான கட்டணம் 220 டாலர், விசா கட்டணம் 185 டாலர், இரண்டும் சேர்த்து 405 டாலர். புதிய கட்டணங்களைப் பற்றிய பேச்சு அடிக்கடி வருகிறது, ஆகவே கட்டும் நாளில் தூதரகத் தளத்தில் இருக்கும் தொகைதான் கணக்கு. ஸ்பான்சரின் கட்டணம் அமைப்புக்கு அமைப்பு, மாதத்துக்கு மாதம் மாறும், நீண்ட பயிற்சிக்குச் சில ஆயிரம் டாலர்கூட ஆகலாம். மருத்துவக் காப்பீடு கட்டாயம், ஒரு நோய் அல்லது விபத்துக்கு ஒரு லட்சம் டாலராவது கிடைக்கும்படி இருக்க வேண்டும். பல ஸ்பான்சர்கள் கட்டணத்துக்குள்ளேயே அதைச் சேர்த்துவிடுகிறார்கள், தனியா உள்ளேயா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் விமான டிக்கெட், முதல் மாத வாடகை, முன்பணம். சம்பளம் எவ்வளவு வரும் என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சி என்பதால் அதே மேசையில் இருக்கும் அமெரிக்கரைவிடக் குறைவாகக் கொடுக்கும் இடங்களும் உண்டு, சமமாகக் கொடுக்கும் இடங்களும் உண்டு. கூட்டாட்சி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர் என்பது 2009இலிருந்து மாறவே இல்லை, நிறைய மாநிலங்களில் அது அதிகம். ஊரின் வாடகையைப் பார்க்காமல் சம்பளத் தொகையை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். இன்னொன்று, ஜே-1 டிரெய்னிக்குப் பொதுவாக முதல் இரண்டு காலண்டர் வருடங்களுக்குச் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்ற 7.65 சதவீதப் பிடித்தம் கிடையாது. சம்பளப் பிரிவில் பலருக்கு இது தெரியாது, பிடித்துவிடுவார்கள், முதல் சம்பளச் சீட்டிலேயே பாருங்கள்.

இப்போது ஏஜெண்ட். நாலரை லட்சம் என்பதை வைத்து மட்டும் அவர் மோசடி என்று நான் சொல்ல மாட்டேன், ஸ்பான்சர் கட்டணம், காப்பீடு, டிக்கெட் எல்லாம் அதற்குள் அடக்கமாக இருக்கலாம். ஆனால் எழுத்தில் மூன்றைக் கேளுங்கள். எந்த ஸ்பான்சர், எந்த ஹோஸ்ட், எதற்கு எவ்வளவு. ஸ்பான்சருக்காக வெளிநாட்டில் வேலை செய்யும் இடைத்தரகரோடு எழுத்து ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஸ்பான்சரின் பெயரை வாங்கி, வெளியுறவுத் துறைப் பட்டியலில் சரிபார்த்து, அந்த அமைப்புக்கே மெயில் போட்டு "இவர் உங்கள் கூட்டாளியா" என்று கேட்டுவிடலாம். ஒழுங்கான ஸ்பான்சர் பதில் சொல்வார். ஸ்பான்சரின் பெயரை "பணம் கட்டியபின் சொல்கிறேன்" என்கிறவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். "விசா கியாரண்டி" என்கிறவருக்கும் அதே பதில், விசாவைத் தீர்மானிக்கும் அதிகாரிக்கு ஏஜெண்ட் யாரென்றே தெரியாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் நம் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம், விண்ணப்பதாரரிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். "இது வேலை இல்லை, பயிற்சி" என்று சொல்லி இந்த வரம்பிலிருந்து நழுவுகிறவர்கள் உண்டு. அப்படிச் சொல்கிறவரே இன்னொரு பக்கம் உங்களிடம் "அமெரிக்காவில் வேலை" என்று விளம்பரம் செய்திருந்தால், அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலைப் பொறுத்தவரை ஒன்றுதான் உறுதி: பயிற்சி முடிந்ததும் திரும்பி வருவீர்கள் என்று அதிகாரியை நம்பவைக்கும் பொறுப்பு உங்களுடையது, அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவில் மறுக்கப்படுவது பெரும்பாலும் இதனால்தான். 2025 ஜூனிலிருந்து ஜே விண்ணப்பதாரர்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். எந்த அதிகாரி என்ன கேட்பார், யாருக்குக் கிடைக்கும் என்பதெல்லாம் யூகம், மாதிரிக் கேள்வி பதில் விற்கிறவர்களிடமிருந்து விலகியிருங்கள். உங்கள் பயிற்சித் திட்டத்தை நீங்களே எழுதியிருந்தால் அங்கே மனப்பாடம் செய்ய வேண்டியது எதுவும் இருக்காது.

"பிறகு எச்-1பிக்கு மாறலாமா" என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார், உங்களுக்கும் மனதில் இருக்கும். எந்தெந்த நாட்டு ஜே-1காரர்கள் பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்று சொல்வது திறன் பட்டியல். 2024 டிசம்பர் 9 அன்று வந்த புதிய திறன் பட்டியலில் இந்தியா இல்லை, ஆகவே அந்தப் பட்டியலின் பேரில் இரண்டு வருடம் ஊரில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை இந்தியர்களுக்கு இப்போது கிடையாது. அரசுப் பணத்தில் போனால் அது வேறு வழியாக வந்துவிடும், மருத்துவப் பயிற்சிக்குப் போகும் டாக்டர்களுக்கும் அப்படியே. அதனால் சட்டப்படி மாறுவதற்குக் கதவு இருக்கிறது. ஆனால் எச்-1பி லாட்டரி வருடத்துக்கு 85,000 இடங்கள்தான், வேலை தொடங்குவது அக்டோபர் 1, அதுவரை அங்கேயே தங்க எஃப்-1 மாணவர் விசாக்காரர்களுக்கு இருக்கும் இடைக்காலப் பாதுகாப்பு ஜே-1க்குக் கிடையாது, உங்கள் பயிற்சி ஏப்ரலில் முடிந்தால் 30 நாள் அவகாசத்துக்குள் கிளம்ப வேண்டியதுதான். 2025 செப்டம்பர் 19 அன்று வந்த, புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டச் சொன்ன அறிவிப்பு இந்தக் கணக்கை இன்னும் குழப்பியிருக்கிறது, உள்ளேயிருந்து நிலை மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று பிறகு விளக்கம் வந்தாலும், நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தை நம்பி யாரும் வாழ்க்கையைத் திட்டமிடக் கூடாது, இதை வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். இன்னொரு டிரெய்னி திட்டத்துக்குத் திரும்ப வர வேண்டும் என்றால் இரண்டு வருடம் அமெரிக்காவுக்கு வெளியே இருக்க வேண்டும், அதுவும் விதி. என் சொந்த அபிப்பிராயம், 18 மாதத்தோடு முடிந்தாலும் லாபம் என்று தோன்றினால் மட்டும் போங்கள்.

உங்கள் வயதுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. பிரிட்டனின் இந்தியா யங் புரொஃபஷனல்ஸ் திட்டம், 18 முதல் 30 வயது, பட்டம், சேமிப்பில் 2,530 பவுண்ட், வருடத்துக்கு 3,000 இடம் வரை, குலுக்கல் இலவசம், கிடைத்தால் இரண்டு வருடம், ஸ்பான்சரும் வேண்டாம், முன்கூட்டியே வேலையும் வேண்டாம். குலுக்கல் என்பதால் நம்பி உட்காரக் கூடாது, ஆனால் பெயர் போட்டு வைப்பதில் நஷ்டம் இல்லை. ஆஸ்திரேலியாவின் மேட்ஸ் திட்டம் பட்டம் வாங்கி இரண்டு வருடத்துக்குள் இருப்பவர்களுக்கானது, குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டும், உங்களுக்கு வராது.

நேரக் கணக்கு: ஹோஸ்ட் கிடைக்கச் சில மாதம், கிடைத்தபின் ஸ்பான்சர் நேர்காணல், திட்டத்தைத் திருத்துவது, ஆவணங்கள் என்று ஒன்றிரண்டு மாதம், அதன்பின் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி எப்போது கிடைக்கிறதோ அப்போது. டிஎஸ்-2019இல் எழுதியிருக்கும் தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் அமெரிக்காவுக்குள் போக முடியாது, தேதி தள்ளிப்போனால் ஸ்பான்சரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். விசா முத்திரையோடு பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை கோயம்புத்தூர் வேலையை விடாதீர்கள், டிக்கெட்டும் போடாதீர்கள். ஏஜெண்ட் கொடுத்த காகிதத்தில் ஸ்பான்சர் பெயர் ஏதாவது இருந்தால் இங்கே கீழே எழுதுங்கள், உங்கள் விவரமோ அவர் விவரமோ வேண்டாம், ஸ்பான்சர் பெயர் மட்டும் போதும். பட்டியலில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.